மாப்பிள்ளைக்கு நூறு மில்லி

விமான நிறுவனத்தின் படிவத்தில் கம்பவுண்டரைப் பற்றி இப்படி இருந்தது: 'உடன் செல்பவர் நாய்களைக் கையாள்வதில் பழக்கமுள்ளவர், அவற்றின் தேவை அறிந்தவர், எதிர்பாராத வேளையிலும் நிதானம் இழக்காதவர்.' கீழே அவருடைய கையெழுத்து. அதில் கையெழுத்து மட்டும்தான் உண்மை.

முப்பத்தோரு வருடமாக ஒரே கிளினிக்கில் மருந்து கலந்து கொடுக்கிறார். எல்லாருக்கும் அவர் கம்பவுண்டர். ரத்தத்தைப் பார்த்து அசராதவர், நாய் குரைத்தால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார். ஆனால் மூட்டு அறுவைச் சிகிச்சைக்காக வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போன அக்கா, தன் வெள்ளைச் சடைநாயை இவரிடம்தான் விட்டுச்சென்றார். தட்டை வைத்து இரண்டு தரம் உபசரித்தால்தான் வாய் வைக்கும் என்பதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

அக்கா தினமும் போனில் தம்பியிடம் அரை நிமிடமும் மாப்பிள்ளையிடம் கால் மணி நேரமும் பேசினார். பிறகு ஒருநாள், மாப்பிள்ளை வந்தால்தான் எழுந்து நடப்பேன் என்று சொல்லிவிட்டார். மகள் கெஞ்சியும் டாக்டர் மிரட்டியும் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

நோயில்லை என்று கால்நடை மருத்துவர் தந்த சான்றிதழுக்குப் பத்து நாள் ஆயுள். அதில் எட்டு நாளைக் குழப்பம் தின்றுவிட்டது. நாய் நாற்றமடித்தால் ஏற்றமாட்டோம் என்றது விமானக் காகிதம். வாசனை எதையும் பூசாதீர்கள், நாயை அடைத்துக் கொண்டுபோகும் பைக்குள் அது அதையேதான் சுவாசிக்க வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். வழியில் வாந்தி எடுத்தால் இறங்கியதும் குளிப்பாட்டு என்றார் அக்கா. கடையில் வெள்ளை முடிக்கு ஒரு ஷாம்பூ, நீள முடிக்கு வேறு ஷாம்பூ இருந்தன. மாப்பிள்ளைக்கு இரண்டு லட்சணமும் உண்டு. தண்ணீரில்லாமல் தேய்க்கும் நுரை கைக்கு எளிது, ஆனால் காற்றடைத்த டப்பா விமானத்தில் ஆகாது. கத்தரிக்கோல் கூடாது. சீப்பு கூடும், அதுவும் பல்லைப் பொறுத்தது.

"இது எடுத்துக்கோங்க அங்கிள். வாசனையே இருக்காது," என்றாள் கடைப் பெண்.

"அப்ப மேல லாவெண்டர்னு போட்டிருக்கே?"

"அது பேரு மட்டும்தான் அங்கிள்."

வாங்கிவிட்டார். அது கால் லிட்டர் புட்டி. கையோடு கொண்டுபோக நூறு மில்லிதான் அனுமதி. இந்த இடத்தில்தான் கம்பவுண்டருக்கு முதன்முறையாகத் தெளிவு பிறந்தது. அளப்பது அவர் தொழில். கிளினிக்கில் காலி டானிக் புட்டியைக் கழுவி, அளவுக் குவளையில் கோடு பார்த்து நூறு மில்லி ஊற்றி, மூடி, லேபிள் எழுதி ஒட்டினார். தொழிலில் தேர்ந்த கை மூளையைக் கேட்டுக்கொண்டு எழுதுவதில்லை.

ஒன்பதாம் நாள் விமான நிலையத்தில், மாப்பிள்ளையின் பையைச் சோதித்த கவுண்டர் பெண் புட்டியை எடுத்து நிதானமாகப் படித்தாள். 'மாப்பிள்ளை. ஆண், வயது 6. காலை, இரவு. உணவுக்குப் பின். குலுக்கிக் கொடுக்கவும்.'

"சார், இது யாருக்கு மருந்து?"

"மருந்து இல்லம்மா. நாய்க்கு."

"அப்ப நாய்க்கு மருந்து. சான்றிதழ்ல நோய் இல்லன்னு இருக்கே."

"குடிக்கிறது இல்லம்மா, தேய்க்கிறது."

"உணவுக்குப் பின்னாடியா?"

இது ஷாம்பூ, முப்பத்தோரு வருடப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது என்று அவர் விளக்கினார். விளக்க விளக்க நாய் மேலும் மேலும் நோயாளியாகிக்கொண்டே போனது. மருந்து சாப்பிடும் நாய்க்குப் புதுச் சான்றிதழ் வேண்டும் என்றாள் அவள். நாளையோடு பழையது காலாவதி. அடுத்த விமானமோ நான்கு நாள் கழித்து. புட்டியைக் குப்பையில் போட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினார். மருந்தைக் குப்பையில் போட்டால் நோய் போய்விடுமா என்று அவள் கேட்டது, மருத்துவத் துறையில் இருப்பவருக்கு நியாயமாகவே பட்டது.

பின்னால் வரிசை நீண்டது. பையின் வலை வழியே மாப்பிள்ளை அவரையே பார்த்தது, யாராவது உபசரிப்பார்களா என்பதுபோல.

கம்பவுண்டர் மாப்பிள்ளை குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். புட்டியைத் திறந்து, இருக்கிற நாலு முடியில் ஊற்றி, இரண்டு கையாலும் தேய்த்தார். நுரை காதுவரை வந்தது. ஹால் முழுக்க லாவெண்டர் மணத்தது.

அந்தப் பெண் முத்திரையை எடுத்துப் படிவத்தில் குத்தினாள்.

கம்பவுண்டர் தலையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளையைக் கொண்டுபோய் அக்காவிடம் விட்டார்.