கட்டையை எறிந்துவிட்டு உருண்டவன்

சின்னராசுவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோறு தின்னும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஏறும் கோபால்சாமியின் ஜீப்பில் கிளீனர் வேலை அவனுக்கென்றே அமைந்தது. பின்படியில் தொங்க வேண்டும். ஏற்றத்தில் வண்டி திணறினால், அது நிற்குமுன் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.

அப்படிக் குதித்த ஒருநாள் கால் இடறி வலது தோள் எலும்பு முறிந்தது. கட்டு அவிழ்த்த அன்றே ஜீப்பைத் தேடி ஓடினான். கோபால்சாமி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தபா ஒடிஞ்சா வேற ஆள வச்சிக்குவேன்."

இந்த வேலை போனால் சாமைக்கொல்லையில் நாளெல்லாம் குனிந்து கிடக்க வேண்டியதுதான். நினைத்தாலே மூச்சு முட்டியது. சரி, அடிபடாமல் விழக் கற்றுக்கொண்டால் போச்சு என்று களத்தில் சாமைத்தாளைப் பரப்பினான். கட்டையைக் கையில் பிடித்தபடி, தாடையை நெஞ்சோடு ஒட்டி, இடது தோளைக் கொடுத்து உருண்டு பார்த்தான். ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் சாய்ந்து வலது தோளில்தான் போய் விழுந்தான்.

மனைவி சுந்தரம்மாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கட்டைய கட்டிப் புடிச்சிக்கினே உருள்றியே, அது இன்னா நீ பெத்த புள்ளையா? தூக்கிப் போட்டுட்டு உருளேன்."

"போட்டா வண்டி பின்னால வந்துடும்மே."

"நீ ஒடிஞ்சி கெடந்தா மட்டும் வராதா?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் கை கேட்க வேண்டுமே! மலையில் பிறந்தவன். கால் சறுக்கினாலும் தலைச்சுமையைக் கீழே விடக்கூடாது என்றே வளர்ந்தவன். தாளில் மாய்ந்து மாய்ந்து உருண்டான். கட்டை மட்டும் கையை விட்டுப் போவதாக இல்லை. தன் கையின்மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது.

புளி மூட்டைகளும் ஆட்களுமாக வண்டி நிறைந்திருந்த ஒரு மழை நாளில், ஏற்றத்து வளைவில் இஞ்சின் நின்றது. சின்னராசு குதித்தான். சேற்றில் கால் வழுக்கியது. எப்படித்தான் மனம் வந்ததோ, கட்டையை ஓரமாக எறிந்தான். இடது தோள், முதுகு, இடுப்பு என்று ஒரே சுழற்சியில் உருண்டு எழுந்து நின்றுவிட்டான். ஜீப் பின்னால் நகரத் தொடங்கியிருந்தது. பாய்ந்து கட்டையைப் பொறுக்கிச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினான். வண்டி நின்றது.

கண்ணாடியில் பார்த்திருந்த கோபால்சாமி இறங்கி வந்தார்.

"கட்டைய எறிஞ்சியா?"

"எறிஞ்சேங்க."

"தோளு?"

வலது கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். கண்ணில் நீர் கொட்டியது.

"அப்போ இன்னாத்துக்கு அழுவுற? தொத்திக்க, போலாம்."