கடன் அட்டையில் தீர்த்த நேர்த்தி

மூளை மலேரியா வந்து நான் நினைவில்லாமல் கிடந்தபோது, என் மனைவி என்னைக் கேட்காமலே என் தலைமுடியை வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துவிட்டாள். தாடி, மீசையும் சேர்த்துத்தான். தன்னுடைய கூந்தலில் ஒரு மயிரைக்கூட நேரவில்லை. கண் விழித்த பிறகு ஏன் என்று கேட்டேன். “காய்ச்சல் உங்களுக்குத்தானே வந்தது?” என்றாள்.

நேர்த்தி தீரும்வரை கத்தி படக்கூடாது. வேளாங்கண்ணியோ இந்தியாவில், நாங்களோ முல்லைத்தீவுக் கரையில். சமாதானம் வந்து பாதை திறந்தபோது என் தாடி நெஞ்சில் கிடந்தது. எனக்கு வேலை வவுனியாவில், ஓர் உதவி நிறுவனத்தின் களஞ்சியத்தில். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வரும்போது ஓமந்தையில் இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கச் சாவடியிலும் இறங்க வேண்டும். அடையாள அட்டையில் இருந்தவனோ மழுங்கச் சிரைத்தவன்.

“இது நீரோ?”

“ஓம், நான்தான்.”

ஒரு பக்கத்துக்காரன் நம்பினால் மற்றப் பக்கத்துக்காரன் நம்பமாட்டான். பஸ் முழுக்க எனக்காகக் காத்துக்கிடந்து ஏசும். “இனி இந்தச் சாமியாரை ஏத்தாதேங்கோ தம்பி” என்று ஒரு மனிசி நடத்துனரிடம் முறையிட்டே விட்டா.

வேளாங்கண்ணிக்குப் போகத் திருச்சிக்கு இரண்டு பேர் பறந்து போய் வர என் சம்பளம் எந்த மூலைக்கு? அந்த நேரம்தான் எங்கள் நிறுவனத்தின் கொழும்புக் கணக்காளர் எனக்குக் கடன் அட்டை எடுத்துத் தந்து உபதேசமும் செய்தார். நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் ஒரு புள்ளி. புள்ளி சேர்ந்தால் விமான டிக்கட். மாதம் முடிய முழுக் காசையும் கட்டிவிட வேண்டும், ஒருநாள் பிந்தினாலும் வட்டி வந்து டிக்கட்டைத் தின்றுவிடும். அட்டையைப் போட்டுக் கைக்காசு எடுக்கவே கூடாது. தேவையில்லாத சாமானை வாங்கவும் கூடாது.

கடைசிப் புத்திமதிக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. “ஐயா, தேவையான சாமானுக்கே வழியில்லை!”

“அப்ப மற்றாக்களுக்குத் தேவையானதை வாங்கும்” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் கரையில் ஆருக்கு என்ன வேண்டுமென்றாலும் வவுனியாவில் வாங்கிக் கொடுப்பவன் நானானேன். சைக்கிள், தையல் மெசின், நைலோன் வலை, கல்யாண வீட்டுக்குச் சோறு அவிக்கக் கிடாரம். அவர்கள் முதலே காசு தருவார்கள். நான் அட்டையில் வாங்கிவிட்டு, அந்தக் காசைக் கொண்டுபோய் வங்கியில் கட்டுவேன். “என்ன நல்ல மனிசன், ஒரு சதம் கூலி வாங்கிறானில்லை” என்று ஊர் புகழ்ந்தது. புள்ளிக் கதையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

நான் அறிய அட்டை எடுக்கும் கடை வவுனியாவில் ஒன்றுதான் இருந்தது. முதலாளி எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தண்ணீரூற்றில் பிறந்த முஸ்லிம் மனிதர். இடம்பெயர்ந்து வந்து, பெட்டிக்கடையில் தொடங்கிப் பெரிய கடை ஆக்கியவர். அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிடுவோம். முதல்நாளே அவருக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“கையில காசை வைச்சுக்கொண்டு கிரெடிட் காட்டை நீட்டுறீங்களே தம்பி! வங்கிக்காரன் என்னட்டையல்லோ கமிசன் வெட்டுறான். மலேரியா இன்னும் தலையை விட்டுப் போகேல்லையோ?”

நேர்த்தியைச் சொன்னேன். அவர் என் தாடியை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார்.

“நேர்த்தி எண்டா வேற கதை” என்று மேசைக்குக் கீழிருந்து அட்டை தேய்க்கும் இரும்புப் பெட்டியை எடுத்தார். தூசு தட்டி, அட்டையை வைத்து, கார்பன் தாளைப் போட்டு, டரக்கென்று இழுத்தார். ஒன்றரை வருடம் அந்த டரக் சத்தம்தான் எனக்குக் கோயில் மணி.

ஒருநாள் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு டிக்கட்டுக்குப் புள்ளி நிறைந்துவிட்டது, மூன்று மாதத்துக்குள் எடுக்காவிட்டால் காலாவதி. நான் குசினிக்குள் ஓடிப்போய் வாசித்துக் காட்டினேன்.

“எவ்வளவு முடிஞ்சது?” என்றாள் மனைவி.

“ஒரு சதமும் இல்லை. சும்மா!”

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். “சும்மாவோ? மாதாவின்ர நேர்த்திக்கு ஓசி டிக்கட்டோ? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற வேலை!”

“உனக்குப் பிள்ளையாரோட என்ன கதை? நாங்கள் மாதாவைக் கும்பிடுற வேதக்காரர் அல்லோ!”

“ஆருக்கு உடைச்சாலும் கடைத்தேங்காய் கடைத்தேங்காய்தான்.”

எனக்கு ஏறியது கோபம்! ஒன்றரை வருடம் கிடாரமும் வலையும் சுமந்த தோள். “என்ர முடியை ஓசியில நேரலாம், டிக்கட் மட்டும் ஓசியா இருக்கக் கூடாதோ?” என்று கத்தினேன்.

அவள் திருப்பிக் கத்துவாள் என்று பார்த்தேன். கதிரையில் இருந்து அழத் தொடங்கிவிட்டாள்.

“உங்களை மாதாவிட்டை இரவலா வாங்கி வைச்சிருக்கிறன். நேர்த்தியைப் பிழையாச் செய்து, அவா திருப்பிக் கேட்டா நான் என்னண்டு குடுப்பன்? நீங்கள் தும்மினாலே ஓடிப்போய் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திறன்.”

அவளுக்குள் இவ்வளவு பயம் இருந்தது எனக்குத் தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“அப்ப என்ன செய்ய? இது என்ர காசில சேர்ந்த புள்ளியோ? ஊர்ச்சனம் சாமான் வாங்கினதால சேர்ந்தது!”

அவள் நிமிர்ந்தாள். “ஊர்ச்சனத்தாலயோ? அப்ப இது மடிப்பிச்சை அல்லோ! பிச்சை எடுத்துச் செய்யிற நேர்த்திக்கு மேல நேர்த்தி உண்டோ?” கண்ணைத் துடைத்தாள். “ஆனா கேட்டு எடுக்கோணும். கேளாமல் எடுத்தாக் களவு.”

அடுத்த சனிக்கிழமை சடையும் தாடியுமாக, தோளில் கிடந்த துவாயை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஏற்கெனவே என்னிடம் இருக்கும் புள்ளியைப் பிச்சை கேட்ட ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருக்கும்.

தையல் மெசின்காரி, “சைக்கிள்காரருக்கு எத்தினை புள்ளி? என்ர மெசின் அதைவிட விலை கண்டியளோ” என்று கணக்குக் கேட்டபிறகுதான் தந்தா. வலைக்காரர் கொதித்தெழும்பினார்.

“ஒன்றரை வருசமா எங்கட புள்ளியை ஒளிச்சு வைச்சுக்கொண்டு நல்லவன் பெயர் எடுத்தனியோ, கள்ளா! நான் தரமாட்டன். என்ர புள்ளியில நான் சிங்கப்பூர் போவன்!”

உங்கள் வலைப் புள்ளிக்கு ஓமந்தை மட்டும்தான் போகலாம் என்று நான் சொல்லவில்லை. மாதா எண்ணெய் கொண்டுவருவேன் என்றேன்.

“ரெண்டு போத்தில்” என்றார்.

“ரெண்டு போத்தில்.”

“சரி, போய்த் துலை!” என்று துவாயில் ஐம்பது ரூபாயும் போட்டார். ஏந்திய துவாயை வெறுமையாக அனுப்ப எங்கள் சனத்துக்கு மனம் வராது. எல்லா வீட்டிலும் சில்லறை விழுந்தது. நல்லதாய்ப் போயிற்று. ஓசி டிக்கட்டுக்கும் விமான நிலைய வரி கட்ட வேண்டும் என்பதைக் கணக்காளர் எனக்குச் சொல்லியிருக்கவே இல்லை.

கடைசியாக, எங்கள் புள்ளிக்காகக் கமிசன் வெட்டுப்பட்ட நானாவிடம், மனைவியே வவுனியாவுக்கு வந்து முந்தானையை ஏந்தினாள். அவர் எழுந்து நின்று ஒரு காசுத் தாளை மடித்துப் போட்டார். “பக்கத்திலதான் நாகூர். அங்க எனக்காகவும் ஒருக்கா கேளுங்கோ பிள்ளை. தண்ணீரூற்றில என்ர வீட்டுக்குத் திரும்ப ஓடு போடோணும்” என்றார். இரண்டு இடத்திலும் கேட்டோம்.

வேளாங்கண்ணியில் மொட்டை போட்டவர், இவ்வளவு முடிக்கு இரண்டு கூலி வேண்டும் என்றார். தலை முட்டையாக நான் எழும்பியபோது மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து மொட்டைகளும் சிரித்தன.

திரும்பி வந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கடவுச்சீட்டை நீட்டினேன். படத்தில் தாடிச் சாமியார், முன்னால் மொட்டையன். அதிகாரி ஒருதரம் படத்தைப் பார்த்தார், ஒருதரம் என்னைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த தமிழில், “இது நீயா?” என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் மனைவி என் கையைப் பிடித்து முன்னுக்கு வந்தாள்.

“ஓம் ஐயா. இவ்வளவு நாளும் இரவல். இப்ப என்ர சொந்த மனிசன்.”

அவருக்கு விளங்கியதோ தெரியாது, முத்திரையைக் குத்திவிட்டார். எனக்கு விளங்கியது. வாசல் தாண்டும்வரை அவள் என் கையை விடவேயில்லை.