தென்னைமரத்தில் வந்த விருந்தாளி

எங்கள் ஊரில் ஆகஸ்ட் பதினைந்து என்றால் இரட்டைக் கொண்டாட்டம். காலையில் மாதா கோயில் வாசலில் சுதந்திர தினக் கொடியேற்றம். பிறகு மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்குத் தேர், பிரியாணி. அதே நேரத்தில்தான் பஞ்சாயத்து ஆபீசில் கிராம சபையும் கூடும். எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போனதில்லை. தேரை விட்டுவிட்டுப் போகிறவன் கிறிஸ்தவனா என்பது எங்கள் கட்சி.

அதை உடைத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. வீட்டுக்காரர் குவைத்தில். மகள் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தெருவுக்கும் ரோட்டுக்கும் நடுவில் வாய்க்கால். பாலம் என்ற பெயரில் ஒரு தென்னைமரம். குவைத்திலிருந்து வந்த டிவியையே தலையில் சுமந்துதான் கடந்தோம். ஐப்பசி மழையில் வலி எடுத்தால் பிள்ளைத்தாய்ச்சி எப்படிக் கடப்பாள்? அக்காவுக்கு அதே கவலை.

சபைக்குப் போய்ப் பாலம் கேட்போம், தேர் சாயங்காலம் போகட்டும் என்றார். திருநாள் அன்றைக்கா என்று சாமியார் இழுத்தார்.

"மாதாவே நிறைமாசமா, அரசாங்கம் கூப்பிட்டுதுன்னு பெத்லகேமுக்குக் குடிக்கணக்குல பேர் குடுக்கப் போனாங்க சாமி. நாங்க பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் போகக் கூடாதா?"

சாமியார் சிரித்துவிட்டார். பூசையில் அதையே தன் சொந்தச் சரக்குபோலப் பிரசங்கமும் வைத்தார்.

பட்டுப்புடவையும் மல்லிகையுமாகத் தெருவே போய் இறங்கியது. விருந்துக்கு அழைக்க வந்திருக்கிறோம் என்று நினைத்த பஞ்சாயத்துத் தலைவர், "நான்தான் வருஷா வருஷம் வர்றேனே, இதுக்கு ஏன் இத்தனை பேரு?" என்றார். பாலம் என்றதும் சுருதி இறங்கியது. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாமாம். அக்கா வாதாடவில்லை. இந்த வருஷம் விருந்து சாமியார் பங்களாவில் இல்லை, எங்கள் தெருவில். சாப்பிட்டுவந்து மிச்சக் கூட்டத்தை நடத்தலாம் என்று கையோடு அழைத்துவந்துவிட்டார்.

தலைவர் நடுமரத்தில் நின்றுவிட்டார். ஒரு கை வேட்டியைப் பிடித்தது, இன்னொரு கை காற்றைப் பிடித்தது. செருப்பு ஒன்று வாய்க்காலோடு போனது.

"மெதுவா வாங்க தலைவரே," என்றார் அக்கா எதிர்க்கரையிலிருந்து. "எம் பொண்ணும் இதுலதான் வரணும்."

பந்தியில் அவருக்குப் பிரியாணி இறங்கவில்லை. திரும்பிப் போகவும் இதே வழிதானா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா காதில் விழுந்துவிட்டது.

"வேற வழி இல்லீங்களே," என்று இன்னொரு கறித்துண்டு வைத்தார்.

மத்தியானம் சபை மறுபடி கூடியதும் முதல் தீர்மானம் எங்கள் பாலம். சிமெண்ட் குழாய் பதித்து மேலே மண் கொட்டினார்கள், அவ்வளவுதான். ஆனால் ஐப்பசி அடைமழையில் ஆட்டோ அக்கா வீட்டு வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அடுத்த திருநாளுக்குத் தலைவர் அழைக்காமலே வந்தார், பைக்கில்.