ஸும்ராவுக்கு ஒரு கதிரை

ஹோட்டல்களுக்குக் கட்டில், கல்யாண வீடுகளுக்கு அலுமாரி என்று வாழ்நாளெல்லாம் மரத்தோடு மாரடித்தவர் மாம்புரி ஹமீட். மனைவி ஸும்ராவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தபிறகு, அவளைத் தூக்குவதும் இருத்துவதும் அவருடைய இரண்டாவது வேலையாகிவிட்டது. அவள் கூப்பிடும்போதெல்லாம் சீவுளியைப் போட்டுவிட்டுப் பட்டறையிலிருந்து ஓடுவார். அவருடைய இடுப்பு விட்டுப்போயிற்று. அவளுக்கும் கூப்பிடக் கூச்சம். மலசலகூடத்துக்குப் போகவேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

அது தெரியவந்த அன்று, கற்பிட்டி ஹோட்டல் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, அவள் தானாக எழும்பக்கூடிய ஒரு கதிரை செய்ய இறங்கினார் ஹமீட்.

முதலாவதை வேப்பமரத்தில் செய்தார். இருக்கையை உயர்த்தி, அவள் ஊன்றுவதற்காக வலப்பக்கக் கைப்பிடியை முன்னுக்கு நீட்டியிருந்தார். அவள் அதன் நுனியில் பாரத்தைப் போட்டதும் கதிரை முன்பக்கமாகக் கவிழ்ந்தது. அவளும் விழுந்தாள்.

"விடுங்க, எனக்கு இனி ஏலா," என்று கிடந்தபடியே அழுதாள்.

"எனக்கு மட்டும் ஏலுமா?" என்று கத்திவிட்டார் ஹமீட். பிறகு அவளைத் தூக்கத் தெம்பில்லாமல் பக்கத்திலேயே குந்திக்கொண்டார்.

கடைசியில் ஸும்ராதான், "கால் இன்னும் முன்னுக்கு இருந்தாக் கவிழாதே," என்றாள்.

"எந்தக் கால்?"

"கதிரைட கால்தான். எண்ட கால வெச்சு என்ன செய்ய?"

ஹமீட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இடுப்பு சுள்ளென்றது.

அடுத்ததைப் பலாவில் செய்தார். கைப்பிடி நுனிக்கு நேர்கீழே வரும்படி முன்கால்களைத் தள்ளிப் பொருத்தினார். பார்க்க அழகாக இல்லை; முழங்காலை முன்னே நீட்டிக்கொண்டு நிற்கிற மாடுபோல இருந்தது. அதை இழைத்து வழவழப்பாக்க அவருக்குப் பொறுமை இல்லை. அவள் கை படும் இடத்தை மட்டும் நன்றாகத் தேய்த்துவிட்டார்.

ஸும்ரா முதலில் முயன்றபோது முடியவில்லை. மறுபடி ஊன்றினாள். கதிரை அசையவில்லை. நடுங்கி நடுங்கி எழும்பி நின்றாள். பிடிக்க வந்தவரை, "தொடாதீங்க," என்று தடுத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி வாசல்வரை போனாள்.

சந்தோஷப்படக்கூட ஹமீட்டிடம் பலம் மிஞ்சவில்லை. அந்தக் கதிரையிலேயே சரிந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

"எழும்புங்க, எனக்கு இருக்கணும்," என்று திரும்பி வந்த ஸும்ரா தோளைத் தட்டினாள்.

வலப்பக்கக் கைப்பிடியை ஊன்றிக்கொண்டுதான் அவரும் எழும்பினார்.