எழுத்து இல்லாத எட்டுப் பக்கம்

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவனாக இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். காலையிலிருந்து பொழுது சாயும்வரை லட்சுமியும் முருகனும் கன்னம் உப்பிய குழந்தைகளும் மெஷினிலிருந்து வந்து விழுந்துகொண்டே இருப்பார்கள். படத்தை வைத்தே சோறு தின்கிற கூட்டம். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு படக்கதைப் புத்தகத்தை விரித்தால் அத்தனை பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். "இன்னுமா பொம்மை புத்தகம் பாக்கீக?" என்பார்கள். கேட்கிறவர் வருஷத்துக்கு ஒரு பஞ்சாங்கத்தைப் புரட்டினாலே அதிகம்.

அவை சின்னப் பிள்ளைகளுக்கானவை அல்ல. சென்னைக்குப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் குனிந்து பொறுக்கிய ஆங்கிலப் புத்தகங்கள். போர், முதுமை, முறிந்துபோன கல்யாணம் என்று பெரியவர்கள் படும் பாடு. இந்த ஊரில் அதையெல்லாம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்ற திமிரும் எனக்கு இருந்தது.

காலண்டர் சீசன் ஓய்ந்த தை மாதத்தில், எங்கள் மெஷின் சூப்பர்வைசரின் மனைவிக்கு மதுரையில் கர்ப்பப்பை ஆபரேஷன். பத்து நாள் அவர் கூட இருக்க வேண்டும்.

"தம்பி, பொழுது போக ஏதாச்சும் வாரப் பத்திரிகை இருந்தா குடுங்க" என்றார்.

நானா வாரப் பத்திரிகை கொடுப்பேன்? இருந்ததிலேயே கனமானதை எடுத்துக் கொடுத்தேன். ரயில்வே கேட் காவலாளி ஒருவனின் கதை. நோயில் கிடந்து மனைவி சாகிறாள். பிறகு அவன் தனியாக இருந்து பழகுகிறான். வசனம் கொஞ்சம்தான், ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் கையில் இதைக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "பெரியவங்க படிக்கிறதுன்னா இதுதான் அண்ணாச்சி" என்று உபதேசம் வேறு.

பத்து நாள் கழித்துப் புத்தகம் என் மேஜைக்கு வந்தது.

"எட்டுப் பக்கத்துல எழுத்தே இல்ல தம்பி. படத்த அடிச்சுட்டு, எழுத்து பிளேட்ட மெஷின்ல ஏத்தாம விட்டுட்டான் போல. நம்ம கம்பெனியா இருந்தா ஆர்டரே திரும்பி வந்திருக்கும்."

மனைவி செத்த மறுநாள் அந்த மனிதன் பேச ஆளில்லாமல் வீட்டுக்குள் நடமாடுகிற பக்கங்கள் அவை. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதைப் போய் அச்சுப் பிழை என்கிறார். முப்பது வருஷம் படங்களுக்கு நடுவிலேயே நின்றும் ஒரு படத்தைப் பார்க்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு விஸ்வநத்தத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி, எனக்கு மதினி முறை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தப் புத்தகம் நீங்க குடுத்ததுதான? நான் கண்ணு முழிச்சா போதும், தலகாணிக்கு அடியில சொருகிருவாக. ஒருநா டீ வாங்கப் போனப்ப எடுத்துப் பாத்தேன்."

பழப் பையை மதினி பக்கத்தில் வைத்தேன்.

"பொண்டாட்டி போன மறுநா அந்தாளு டீ போடுறான். சீனி எங்கன இருக்குன்னு தெரியல. ஒவ்வொரு டப்பாவா தெறந்து பாக்கான். இவுகளும் அப்பிடித்தான். வீட்டுக்கு வந்ததும் முத வேலையா அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போய் எது எங்கன இருக்குன்னு காட்டிக் குடுத்துட்டேன்."

"அண்ணாச்சி எழுத்து விட்டுப்போச்சுன்னு சொன்னாகளே."

"பின்ன என்ன சொல்லுவாக? படிச்சு அழுதேன்னு உங்ககிட்ட சொல்லுவாகளா?"

மதினி பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்கள்.

"வேற இருந்தா குடுங்க தம்பி. யாரும் சாகாததாப் பாத்து."

வீட்டுக்கு வந்து அலமாரியைக் கலைத்தேன். உயர்ந்தது என்று நான் அடுக்கி வைத்திருந்த பதினோரு புத்தகத்திலும் யாராவது ஒருவர் செத்திருந்தார். பிணம் விழுந்தால்தான் முதிர்ந்த கதை என்று எனக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. கடைசியில் கட்டிலுக்கு அடியில் கிடந்த ஒன்றை எடுத்தேன். அக்காளும் தங்கையும் ரொட்டிக் கடை நடத்திக்கொண்டு நாள் முழுக்கச் சண்டை போடுகிற கதை. லேசானது, எனக்கானதில்லை என்று பத்துப் பக்கத்தோடு தூக்கிப் போட்டிருந்தேன்.

மதினிக்குப் பென்சிலில் தமிழ் எழுதுவதற்காகத்தான் அதை முழுதாக வாசித்தேன். நல்ல புத்தகம்.