கட்டாக்காலிப் பட்டியில் ஒரு பவளம்

கட்டுப்பாடில்லாமல் வீதியில் திரியும் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைக்கும் வேலையில், மாட்டின் சொந்தக்காரரும் ஏசுவார், மாட்டில் மோதியவரும் ஏசுவார். ஏசாதது மாடு மட்டும்தான். மட்டக்களப்பு வாவிக் கரையோரத்தில் உள்ள ஒரு பிரதேச சபையில் இந்த வேலைக்கு நான் மேற்பார்வையாளர். ஐம்பதைத் தாண்டிவிட்டேன். அரச அலுவலக மேசைக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ இருந்து களைத்துப்போனவர்கள் என்னை விளங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஊர் மாடு

மழை விட்ட பின்னேரங்களில் வாழைச்சேனை வீதித் தாரில் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும். மாடுகள் அதைத் தேடி வந்து நடுவீதியில் படுத்துவிடும். அப்படிப் படுத்திருந்த ஒரு வெள்ளைப் பசுவில் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் மோதி முழங்காலை உடைத்துக்கொண்டார். கூடியவர்களிடம் யாருடைய மாடு என்று கேட்டேன். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். எங்கள் தொழிலாளி யோகன் கயிறு போட்டுப் பட்டிக்குக் கொண்டுவந்தான்.

அடுத்த நாள் காலையில் பட்டி வாசலில் ஒருவர் தும்புக்கயிறோடு நின்றார். நேற்றுக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்று வானம் பார்த்தவர். "நேத்து உங்களிட்டயும் கேட்டேனே?" என்றேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"ரோட்டுல படுத்திருக்கும் மட்டும் அது ஊர் மாடு சேர். நீங்க பிடிச்சாத்தான் எங்கட மாடு."

கூரை

எங்கள் பட்டி என்பது சபைக் கட்டடத்துக்குப் பின்னால் முள்ளுக்கம்பி அடித்த ஒரு வெட்டைவெளி. நிழல் இல்லை. தண்ணீர், யோகன் வாளியில் கொண்டுபோனால் உண்டு. ஒரு கூரையும் சீமெந்துத் தொட்டியும் வேண்டும் என்று நான் எழுதிக் கொடுப்பதும், சபைக் கூட்டத்தில் அது அடுத்த கூட்டத்துக்குப் போவதும் வழக்கமாகிவிட்டது.

ஒருமுறை கூட்டத்துக்கே என்னைக் கூப்பிட்டார்கள். மாடு செய்த குற்றம் என்ன, வெயிலில் நிற்க அதற்கு யார் தீர்ப்புச் சொன்னது என்றெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். சந்தையில் மரக்கறி விற்கும் பெண் உறுப்பினர் ஒருவர் கோபமே இல்லாமல் எழும்பினார்.

"மாட்டுக்கு நிழல் வேணும்தான் ஐயா, நான் மறுக்கல்ல. ஆனா நாங்களும் அதே வெயிலுக்குள்ளதானே இருந்து கத்தரிக்காய் விக்கிறம்?"

வாசல்

பிறகு ஒரு செவலைப் பசு வந்தது. சினை மாடு. அதை மறந்துவிட்டு இந்த வேலையைப் பற்றி எழுத என்னால் முடியாது. வைக்கோல் போட்டால் மணந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். எப்போதும் வாசலைப் பார்த்தபடிதான் படுக்கும். வாசல் படலைச் சங்கிலி சத்தம் கேட்டால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழும்பும். உள்ளே வந்தது நான்தான் என்று கண்டதும் திரும்பப் படுத்துவிடும். என்னைக் கண்டு ஏமாறுகிற ஒரு சீவனுக்கு முன்னால் தினமும் போய் நிற்பது லேசான காரியமில்லை.

யாரும் தேடி வரவில்லை. சொந்தக்காரர் வருவதற்குச் சபை விடும் தவணை முடிந்தால் ஏலம். ஏலத்துக்கு முன்பே மாடுகளைப் பார்த்துப்போக ஓட்டமாவடியிலிருந்து சலீம் காக்கா வருவார். பல வருடமாக மாட்டு வியாபாரம். மற்ற மாடுகளை விலை மதித்தவர், இதற்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். யோகன் படலையைத் திறந்தான். பசு எழும்பியது, பார்த்தது, படுத்தது.

"இது ஆளொண்டப் பாத்துக்கொண்டு இரிக்கி சேர். நான் வாங்கிக்கொண்டு போனா என்ட வளவுலயும் இப்பிடித்தான் வாசலப் பாக்கும். எனக்கு வேணாம், அந்த ஆளத் தேடுங்க."

சூட்டுத் தழும்பு

எங்கள் பகுதியில் மாட்டின் தொடையில் இரும்பைக் காய்ச்சிக் குறி சுடுவார்கள். குடிக்கு, அதாவது வம்சத்துக்கு, ஒரு குறி. தாயின் குடிதான் பிள்ளையின் குடி என்பதால், குறியும் தாய்வழியே மகளுக்கு வரும். சுடவேண்டாம், காதில் தகடு போடுங்கள் என்று மாங்கேணி முதல் தன்னாமுனை வரை சொல்லித் திரிபவன் நான். இந்தப் பசுவின் காதில் தகடு இல்லை. தொடையில் குறி இருந்தது. யோகனை வாலைப் பிடிக்கச் சொல்லி, அதைப் படம் எடுத்துச் சபையின் முகநூல் பக்கத்தில் போட்டேன்.

பின்னேரம் குவைத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் தவமணி. மாங்கேணிக்காரி. அங்கே ஒரு வீட்டில் வேலை. வயல் வட்டைகளில் வேளாண்மை விளைந்து நிற்கும் காலத்தில் மாடுகளைத் தூரத்து மேய்ச்சல் தரைக்கு ஓட்டிச் சாய்த்துவிடுவது வழக்கம். ஊர் மாடுகளோடு தவமணியின் பசு பவளத்தையும் அவள் தம்பி சாய்த்துவிட்டிருக்கிறார். மற்றவை போய்ச் சேர்ந்தன. பவளம் மட்டும் பாதி வழியில் திரும்பி வீடு தேடி நடந்து, வழி தவறி, எங்கள் கயிற்றில் அகப்பட்டிருக்கிறது. தம்பி அது மேய்ச்சல் தரையில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

தழும்பை வைத்து எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டேன். இதைக் கேட்ட பிறகு, காதுத் தகடு பற்றி முன்போல் உரத்துப் பேச எனக்கு வாய் வருவதில்லை.

"எங்கட அம்மா சுட்ட குறி சேர். கடைசிக் காலத்துல கை நடுங்கி ஒரு பக்கம் வளைஞ்சு போச்சு. அந்த வளைவு அம்மாட கை."

நேரில் வருதல்

சொந்தக்காரர் நேரில் வந்து மாட்டை அடையாளம் காட்ட வேண்டும் என்பது விதி. முன்பு ஒருவர் அக்காவின் மாடு என்று சொல்லி யாருடையதையோ கொண்டுபோன பிறகு, செயலாளர் மெடம் இதில் அசையமாட்டார். ஏலத்துக்கு முந்திய நாள் அவரிடம் போய் நின்றேன். "குவைத்தில நிக்கிற ஆள் நேரில வந்ததா நான் எப்பிடி எழுதுற?" என்றார். நியாயமான கேள்விதான். இருந்தாலும், வந்து ஒருமுறை பாருங்கள் என்று கெஞ்சினேன். குடையைப் பிடித்துக்கொண்டு பட்டிக்கு வந்தார்.

காணொளியில் தவமணியை அழைத்துப் போனைக் கம்பிக்கு மேலால் நீட்டினேன். பசு வாசலைப் பார்த்தபடி கிடந்தது. "பவளம்... இஞ்ச வாகா. என்னகா மெலிஞ்சு போனாய்?" அதன் காதுகள் திரும்பின. எழும்பி, நேரே என் கையை நோக்கி வந்து, போனை நாக்கால் ஒரு முறை நக்கியது. நாக்கு மூடி அந்தப் பக்கம் திரை மறைந்ததும் தவமணி அழத் தொடங்கினாள். யோகன் வேறெங்கோ பார்த்தான். மெடம் குடையை மடக்கினார்.

"மாடே சாட்சி சொல்லிப்போட்டுது. தம்பிக்காரனை வரச்சொல்லுங்க, நான் பாத்துக்கொள்றன்."

பின்னேரம்

தம்பி கடலுக்குப் போயிருந்தார். வர இரண்டொரு நாளானது. அந்த நாட்களில் குவைத் வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாடு முடித்து உறங்கும் நேரம் பார்த்துத் தவமணி என்னை அழைப்பாள். இங்கே அப்போது பின்னேரம், பட்டியில் வெயில் சாயும். பவளம் தின்னத் தொடங்கியிருந்தது. என்ன பேசுவது என்று நான் தடுமாறியபோது அவளே சொன்னாள்: "ஒண்டும் பேச வேணாம் சேர். போன அதுக்குக் கிட்ட வச்சிட்டு உங்கட வேலையப் பாருங்க. அசை போடுற சத்தம் கேட்டா எனக்கு அதுவே காணும்." வேலியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். டோஹாவில் இருக்கும் என் மகன் வாரம் ஒருமுறை பேசுவான். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் எந்தச் சத்தத்தை அவன் கேட்க விரும்புவான்? அப்படி ஒன்றை நாங்கள் வைத்திருக்கிறோமா?

தம்பி சின்ன லொறியோடு வந்தார். தட்டில் ஏறிய பவளம் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அது சந்தோசம், கொஞ்சம் நோவும்தான். மாங்கேணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தவமணிக்கு அறிவித்தேன். நன்றி சொன்னாள். இனி அழைக்கமாட்டாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அதே நேரத்துக்குப் போன் அடித்தது. தம்பி மறுபடியும் கடலுக்குப் போய்விட்டாராம், வீட்டில் போன் பிடிக்க ஆளில்லையாம். பிறகு கேட்டாள்.

"பட்டியில வேற மாடு ஏதும் நிக்குதா சேர்?"

கூரையும் தொட்டியும் கேட்டு இந்த முறை எழுதும் விண்ணப்பத்தில், பயன்பெறுவோர் என்ற இடத்தில் மாடுகளுக்குப் பக்கத்தில் குவைத்தில் உள்ள ஒருத்தியையும் சேர்க்க விதியில் இடமுண்டா என்று மெடத்திடம் கேட்கலாமென்றிருக்கிறேன்.