கீழே இறங்கி வந்த வீடு

பேக்கரியில் அவளுக்குப் பன்னக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக மாவைக் கிள்ளி உருட்டித் தட்டில் அடுக்குகிற வேலை. பேசிக்கொண்டே உருட்டினாலும் ஒரு உருண்டைக்கும் இன்னொன்றுக்கும் எடை மாறாது. அவள் கணவர் கல் பாலிஷ் பட்டறையில் இருந்தார். தரைக்கும் சமையல் மேடைக்கும் போகிற கற்பலகைகளை முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றுவார். சாயங்காலம் அவள் மாவோடும் அவர் தூசியோடும் வீடு திரும்புவார்கள். வாசலில் நின்று ஒருவர் முதுகை ஒருவர் தட்டிவிட்ட பிறகுதான் உள்ளே நுழைவது. நம் இரண்டு பேரையும் உதறினால் ஒரு மூட்டை தேறும் என்பார் அவர்.

மாவு உதறினால் போய்விடும். கல்தூசி போகவில்லை. ஐம்பத்து நான்கு வயதில், மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் பாதி கல்லாகிவிட்டது, போனதை மீட்க முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். பட்டறைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. முடிந்தால் குடியிருக்கிற இடத்தையும் மாற்றி, நல்ல காற்று உள்ள இடமாகப் போய்விடுங்கள் என்றும் சொன்னார். அவர்கள் குடியிருந்தது ஒரு மர அறுவைக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. ஜன்னலைச் சாத்தினாலும் தலையணையில் மரத்தூள் இருக்கும்.

நிலம் தேடியது அவள்தான். சமமான நிலம் எதுவும் அவர்கள் கைக்கு எட்டவில்லை. எட்டியது ஒரு சரிவு. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் போக வேண்டும். முக்கால் ஏக்கர், புல், பாறை, முள். கிணறு கிடையாது, கரண்டுக் கம்பி கிடையாது, யாரும் ஏர் பிடித்ததும் கிடையாது. கீழ் ஓரம் தார்ச்சாலையைத் தொட்டது. மேல் ஓரத்தில் இரண்டு அறை அகலத்துக்கு ஒரு சமதளம் இருந்தது. மற்ற நிலமெல்லாம் படுத்திருக்கும், இது எழுந்து நின்றுகொண்டது, அதனால்தான் யாரும் வாங்கவில்லை என்று தரகர் சொன்னார்.

முதல் நாள் அவர் நான்கு இடத்தில் நின்று நின்று உச்சிவரை ஏறிவிட்டார். மேலே காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"இங்கதான் வீடு," என்றார்.

அவள் நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்தாள்.

அதன்பிறகு எட்டு மாதம், வாரத்தில் கிடைத்த ஒரு நாள் லீவும் அந்தச் சரிவுக்கே போயிற்று. கடப்பாரையையும் மண்வெட்டியையும் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோவார்கள். சரிவில் மண் வெட்டுவது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. கீழே சாலைக்கு அந்தப்புறம் தோட்டம் வைத்திருந்த ஒரு அம்மா, மழைத் தண்ணீரை ஓட விடாதே, நடக்க விடு, மண் தானாக நிற்கும் என்று சொல்லி, ஒரு கருவியையும் கட்டிக் காட்டினாள். இரண்டு நீளக் கம்புகளின் தலையைச் சேர்த்துக் கட்டி, காலை அகட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு. உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல் தொங்கும். கயிறு குறுக்குக் கம்பின் நடுவில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றி மாற்றி வைத்துச் சரிவு முழுக்க மட்டக் கோடு போடலாம். அந்தக் கோட்டில் பள்ளம் வெட்டி, எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட வேண்டும்.

அவரால் வெட்ட முடியாது. ஆனால் மட்டம் பார்க்க அவரைவிட ஆள் கிடையாது. கருவியை வைத்து, கயிற்றைப் பார்த்து, ஒரு விரற்கடை மேலே என்பார், கீழே என்பார். அவர் காட்டிய இடத்தில் அவள் வெட்டினாள். உள்ளங்கை காய்ந்து வெடித்ததில் மறுநாள் மாவு ஒட்டியது. பேக்கரியில் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வரப்பு எழும்பியது. வளைந்து வளைந்து போனாலும் மட்டம் தப்பவில்லை. அவருக்கு அதில் ஒரு பெருமை.

நான்காவது மாதம், உச்சிக்குப் போக அவர் ஒன்பது இடத்தில் நின்றார். அவர் சொல்லவில்லை, பின்னால் வந்துகொண்டிருந்த அவள் எண்ணினாள். அன்றைக்கு மேலே உட்கார்ந்து, இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை யார் தூக்குவது, பாதியிலேயே கட்டிக்கொள்ளலாமே என்று தன் கஷ்டம்போல எடுத்துச் சொன்னாள். அவருக்குப் புரியாமல் இல்லை.

"ஏறச் சொன்னா எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னா நொண்டிக்குக் கோபம்," என்றார். "இதுல நான் எருதா, நொண்டியா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவருக்கு இருமல் வந்து, அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு அவரே முளைகளைப் பிடுங்கினார். மூன்றைத்தான் பிடுங்கினார். நாலாவது கெட்டியாக இறங்கிவிட்டது, கிடக்கட்டும் என்றார்.

பாதிச் சரிவில், இரண்டாவது வரப்புக்கு மேலே, அஸ்திவாரத்துக்குப் பள்ளம் எடுத்தாள். அது முழங்கால் ஆழம் போவதற்குள் அவர் முதல் வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டு, நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லத் தொடங்கினார். அவள் தோண்டிய பள்ளத்தைத் தானே மூடினாள். மூன்றாம் முறை முளை அடித்தது சாலையை ஒட்டி. லாரி வந்து நிற்க வசதி, கல்லும் தகரமும் இறக்க வசதி என்று சொல்லிக்கொண்டார்கள்.

அவர்கள் மகள் கல்யாணமாகி நகரத்திலேயே இருந்தாள். செருப்புக் கடையில் கணக்கு எழுதுகிறவள். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, அப்பா காதில் விழாதபடி அம்மாவைச் சாலைக்கு அந்தப்பக்கம் அழைத்துப் போனாள்.

"நல்ல காத்து வேணும்னுதானே இவ்ளோ தூரம் வந்தீங்க? ரோட்டோரமா கட்டுறதுக்கு அங்கேயே இருந்திருக்கலாமேம்மா."

"காத்து மேல இருக்குடி. அதுவரைக்கும் போக அவருக்கு மூச்சு இல்ல. நான் என்ன பண்ணட்டும்?"

மகள் சாலையைக் கடந்து அப்பாவிடம் திரும்பிப் போனாள்.

ஒரே அறை, தகரக் கூரை, கூரைத் தண்ணீர் இறங்க ஒரு தகரக் குழாய், அடியில் இரண்டு பிளாஸ்டிக் டிரம். மழைக்காலத்துக்கு முன்னால் மினி லாரியில் சாமான் வந்து இறங்கியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து எது எங்கே என்று சொல்ல, ஒரு பகலில் வீடு வீடாகிவிட்டது.

நான்காம் நாள் அவள் பேக்கரிக்குப் போக வேண்டியிருந்தது. வேலையை விட்டுவிட்ட அவள் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு ஒரு நாளாவது கூட நின்று கைப்பக்குவம் காட்டிவிட்டுப் போ என்று முதலாளி கேட்டிருந்தார். மருந்து, இன்ஹேலர், வெந்நீர், சாப்பாடு எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு முதல் பஸ்ஸில் போனாள். மூன்று மணி பஸ்ஸில் திரும்பினாள். கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சரிவில் பாதிக்கு மேலே ஒரு வெள்ளைச் சட்டை.

கைப்பையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவர் உட்கார்ந்தபடியே, கையை ஊன்றிச் சறுக்கிச் சறுக்கி இறங்கிக்கொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. வேட்டியெல்லாம் மண்.

"உங்களுக்குப் புத்தி இருக்கா?"

"காலைலயே ஏற ஆரம்பிச்சுட்டேன். அவசரமே படல." கொஞ்சம் நிறுத்தி, "மேல..." என்று தொடங்கினார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். மூச்ச விடுங்க முதல்ல."

அவரைத் தாங்கிக் கீழே கொண்டுவந்து சேர்க்கும்வரை திட்டினாள். விழுந்திருந்தால் யார் பார்ப்பது, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று மூச்சுக்கு முந்நூறு தரம் கேட்டாள். மறுநாள் மத்தியானம்வரை அவள் அவரோடு பேசவில்லை. பேசத் தொடங்கியபோது வேறு வேலைகள் வந்துவிட்டன. உச்சியைப் பற்றி அவர் மறுபடி எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அதன்பின் நாற்பது நாள் இருந்தார். மழை பிடித்த வாரம் காய்ச்சல் வந்து, இன்ஹேலர் கேட்காமல் போயிற்று. ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்தில் வந்தது. ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது டிரைவர், நல்ல வேளை, வீடு சாலையோரம் இருக்கிறது என்று ஆறுதலாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் விடியற்காலை போய்விட்டார்.

மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் இங்கேயே இருந்தாள். அந்த மழையில் நடு வரப்பு ஒரு இடத்தில் உடைந்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் அடைத்தாள். மழை விட்டதும் பலமுறை உச்சிக்குப் போனாள். அங்கிருந்து எதிர் மலை தெரிகிறது, ஒரு குட்டை தெரிகிறது, பஸ் திரும்புகிற வளைவு தெரிகிறது. யாருக்கும் தெரிகிறவைதான். அவர் எதைச் சொல்ல வந்தார் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னவென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மகளிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

வரப்போரம் போட்ட தட்டைப்பயறு நன்றாக விளைந்தது. அறுத்து முடித்த வாரம் மகள் வந்தாள். வெளியே ஈரம் காயாததால், அறைக்குள் அவர் கட்டில் முழுக்கப் பயறு பரப்பியிருந்தது.

"அப்பா கட்டில்லயாம்மா காய வெச்சிருக்க?"

"வேற எங்க வைக்கிறது? இந்த நிலத்துல சமமா இருக்கிறது அது ஒண்ணுதான்."

மகள் பையை இறக்கி வைத்தாள். கட்டில் அருகே தரையில் உட்கார்ந்து, சொத்தைப் பயறுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.